புதுச்சேரி மாநிலமானால்: திருச்சுழிக்கு ஓர் அவசரப் பயணம்

சென்ற வியாழக்கிழமை மாலை, திருச்சுழியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை செல்வி புதுச்சேரியிலிருந்த என்னை அழைத்தாள்.

"புதுச்சேரி மாநிலமாகப் போகுதாம்லண்ணே. ஆயிட்டா அங்கிட்டு உள்ள பழைய சட்டமெல்லாம் செத்துப் போயிருமாம். அதுக்குள்ள வித்துருங்கன்னு தரகர் வந்து சொல்றாக. நாளைக்கு அவுக பேருக்கு, விக்கிறதுக்குப் பவர் எழுதிக் குடுக்குறோம்."

எங்கள் தந்தையின் புதுச்சேரி வீட்டில் அவளுக்குரிய பாகத்தைத்தான் சொன்னாள். அதைத் தவிர அவள் பெயரில் வேறு சொத்து கிடையாது. நான் மறுத்துப் பேசுவதற்குள் இணைப்பு அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை.

விழுப்புரத்தில் பேருந்து மாறி, விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினேன். அங்கிருந்து காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வழியில் பேருந்து பழுதாகி, மாற்று வண்டி வரும்வரை கருவேலங்காட்டின் ஓரம் நின்றோம். செல்வி கையெழுத்திடும் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தது. அருப்புக்கோட்டையில் திருச்சுழிக்கு ஆட்டோ பிடித்து, விரைவாகப் போகும்படி கேட்டேன்.

"கோயிலுக்கா சார்? நடை சாத்த நேரமிருக்கு, பறக்காதீக" என்றார் ஓட்டுநர்.

"பத்திர ஆபீசுக்கு."

"அதுக்கா பறக்கணும்? அங்க போயி உக்காந்துதான சார் இருக்கணும்."

அன்று அங்கே யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை. பத்திர ஆபீசில் அவர்களைக் காணாமல் தங்கையின் மளிகைக்கடையை நான் அடைந்தபோது, பத்திரம் பதிவாகி முடிந்திருந்தது. தரகர் அதை வாங்கிக்கொண்டு காரில் புதுச்சேரிக்குக் கிளம்பியிருந்தார்.

அவள் கணவர் தேதி முடிந்த பிஸ்கட் பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். "சட்டமும் இப்பிடித்தான் காலாவதியாகும்னு அந்தத் தரகரு இந்தப் பாக்கெட்டத் தூக்கிக் காட்டுனாரு, மச்சான். எனக்கும் ஞாயமாத்தான் பட்டுச்சு."

முப்பது ஆண்டுகளாகத் தேதி பார்த்தே பொருள் விற்கும் மனிதரை வீழ்த்த எந்தச் சொல் போதும் என்பதை அந்தத் தரகர் அறிந்திருந்தார். நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நிறுத்தியிருக்க முடியாது.

"சட்டத்துக்கு அப்படித் தேதி கிடையாது, மாப்பிள்ளை" என்றேன். கோவாவும் முன்பு யூனியன் பிரதேசமாக இருந்ததுதான். அது மாநிலமானபோது, நடப்பிலிருந்த சட்டங்கள் உரிய சட்டமன்றமோ நாடாளுமன்றமோ மாற்றும்வரை தொடரும் என்று எழுதியே மாற்றினார்கள். புதுச்சேரியை மாநிலமாக்கினாலும் அத்தகைய பிரிவு இல்லாமல் ஆக்க மாட்டார்கள். பெயர்ப்பலகை மாறும், பத்திரமும் பாகமும் அப்படியே நிற்கும்.

"அப்ப அவன் சொன்னது பூராம் பொய்யி" என்றார் அவர்.

கல்லாவில் இருந்த செல்வி நிமிர்ந்தாள். "எல்லாம் தொடரும்னா, நான் இன்னைக்குப் போட்ட கையெழுத்தும் தொடருமாண்ணே?"

தொடரும். அந்தக் கேள்விக்குப் பிறகு மூவரும் கடையைப் பூட்டாமலே எழுந்து ஓடினோம்.

மாலைக்குள் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்தோம். ஆனால் ரத்து செய்தால் மட்டும் போதாது. அது தரகருக்குத் தெரியும்வரை அவர் செய்யும் விற்பனை செல்லுபடியாகக்கூடும். பதிவு அஞ்சல் போய்ச்சேர நாளாகும். ரத்துப் பத்திரத்தைப் படம் எடுத்து, செல்வியிடமிருந்த அவருடைய எண்ணுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது.

இப்பக்கம் வருவோருக்குச் சில குறிப்புகள். மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. அங்கிருந்து திருச்சுழிக்கு நகரப் பேருந்தில் போகலாம். வெயில் கடுமை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். அரசு மாறப்போகிறது என்று சொல்லி யாரேனும் உங்களை அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். பவர் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் ரத்துப் பத்திரத்தோடு நிற்காமல், பவர் பெற்றவருக்கும் சொத்து இருக்கும் ஊரின் பதிவு அலுவலகத்துக்கும் அன்றே எழுதித் தெரிவியுங்கள்.

செல்வியையும் அழைத்துக்கொண்டு அன்றிரவே புதுச்சேரிக்குக் கிளம்பினேன். காரியாபட்டியைத் தாண்டும்போது, தரகர் படித்துவிட்டதற்கு அடையாளமாக வாட்ஸப்பில் இரு கோடுகளும் நீலமாயின. உடனே பதில் வந்தது: "சரி சார், பாத்துக்கலாம்."

செல்வி என் தோள்மீது சாய்ந்து அதைப் படித்தாள். "பாத்துக்கலாம்னா என்னண்ணே அர்த்தம்?"

விட்டுவிட்டேன் என்பதும் அந்தச் சொல்லில் அடங்கும். விடமாட்டேன் என்பதும் அடங்கும். ரத்துச் செய்தி இன்னும் எட்டாத புதுச்சேரி பதிவு அலுவலகம் திறக்கும்வரை எது என்று தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றொரு கையால் ரத்துப் பத்திரம் இருந்த பையை மடியோடு அணைத்துக்கொண்டேன்.