ரோஸ் பொல்டுக் இருந்த வீடு

அமெரிக்காவின் லூயிஸ்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லொரெட் பொல்டுக்குக்குக் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே ஐந்து மணி நேரம் கிடைக்கும். அதை எங்கள் வம்சாவளிச் சங்கத்தின் பின்னறையில் கழிப்பார். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து நெசவாலை வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள்தான் நாங்கள் எல்லோரும். முன்னோரைத் தேடுவது எங்கள் ஊரில் கொஞ்சம் தொற்றுவியாதி.

ஜூலை மாதக் குடும்பக் கூடலுக்கு நினைவு மலர் தயாரித்தவர் லொரெட்டின் பங்காளி ஜீல். ஒரு திங்கட்கிழமை, 1900-ஆம் வருட அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாளோடு வந்தார். இருவருக்கும் கொள்ளுத்தாத்தாவான தெலஸ்ஃபோர் அதில் லூயிஸ்டனில் இருக்கிறார். மனைவி ரோஸ், ஆறு வயது மகன் அல்சிட். மறுவருடக் கனடாக் கணக்கெடுப்பிலோ அதே தெலஸ்ஃபோர் கியூபெக் கிராமத்தில், மனைவி தெலிமாவோடும் நான்கு பிள்ளைகளோடும். மூத்தவன் அல்சிட்.

லொரெட் அல்சிட்டின் பேத்தி. ஜீல் அல்சிட்டின் தம்பி வழி.

"மனுஷன் ரெண்டு குடும்பம் வச்சிருந்திருக்காரு. நீங்க அந்த வீடு, நாங்க இந்த வீடு," என்றார் ஜீல். சிரித்துக்கொண்டே சொன்னாலும், அதை ஒரு அத்தியாயமாகவே எழுதி வைத்திருந்தார். வியாழக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது.

லொரெட் கோபப்படவில்லை. "நானும் பஸ்ல தினம் தலை எண்ணுறேன், ஜீல். வராதவனுக்கு வந்தவன் குரல் கொடுப்பான். எண்ணிக்கை சரியா இருக்கும், ஆளு இருக்க மாட்டான்."

கணக்கெடுக்க வந்தவனுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்காது, வீட்டில் இருந்தவர்கள் ஆலைக்குப் போயிருப்பார்கள், மாடிவீட்டுக்காரர் யாரோ பதில் சொல்லியிருப்பார் என்பது லொரெட்டின் கட்சி. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை, மூவருக்கும் ஒரே குடும்பப்பெயர். அவன் வேறென்ன எழுதுவான்? ஆனால் எங்கள் தேவாலயப் பதிவேடுகளில் எந்தப் பெண்ணும் கணவன் பெயரை வாங்கிக்கொள்வதில்லை. அப்பா வீட்டுப் பெயரோடு பிறக்கிறாள், அதே பெயரோடு புதைக்கப்படுகிறாள். ரோஸ் அங்கேயும் பொல்டுக் என்றால் அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான்.

அப்படி இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று ஜீல் கேட்டார். அதையும் அச்சடித்துக்கொள் என்றார் லொரெட்.

இரண்டு நாள் அந்தப் பதிவேடுகளின் மைக்ரோஃபிலிமை உருட்டினார். புதன்கிழமை காலை, 1907-இன் அடக்கப் பதிவு கிடைத்தது. ரோஸ் பொல்டுக், முப்பத்தெட்டு வயது, மணமாகாதவர், நெசவாலைத் தொழிலாளி. தாய் தந்தை பெயர்கள் தெலஸ்ஃபோரின் திருமணப் பதிவில் இருந்தவையேதான்.

உடனே ஜீலுக்குப் போன் போட்டார். மறுமுனை விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, தங்கச்சின்னே வச்சுக்குவோம். பையன் யாருது? கல்யாணம் ஆகாதவ பெத்த பிள்ளைய அண்ணன் தன்னுதுன்னு சொல்லி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா?"

இதை லொரெட் எதிர்பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டு, ஆறிப்போன காபியை அப்படியே குடித்தார். தன் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை அவர் அதுவரை தேடியதே இல்லை. தெரிந்ததுதானே என்று விட்டிருந்தார். கியூபெக் கிராமத்துச் சுருளை எடுத்து மாட்டினார்.

1894, மார்ச். குழந்தை அல்சிட், பிறந்து ஒரு நாள். தெலஸ்ஃபோருக்கும் தெலிமா வேய்யூவுக்கும் முறைப்படி பிறந்தவன். ஞானத்தாய்: ரோஸ் பொல்டுக், குழந்தையின் அத்தை.

அண்ணன் ஆலை வேலைக்கு வந்தபோது மூத்த பையனையும் அழைத்து வந்திருக்கிறார், ஞானத்தாயான அத்தை அவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் எல்லையின் இரு பக்கமும் மாறி மாறி வாழ்ந்தன.

ஜீல் நேரிலேயே வந்து, திரையில் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த அத்தியாயத்தத் தூக்கிடுறேன். கணக்கெடுப்புத் தாளையும் எடுத்துடவா?"

"எதுக்கு? கணக்கெடுத்தவன் எழுதினதையும் போடு, பங்குச் சாமியார் எழுதினதையும் பக்கத்துல போடு."

அங்கேயே உட்கார்ந்து, இரண்டு படங்களுக்கும் கீழே ஜீல் எழுதினார்: ரோஸ் பொல்டுக், தெலஸ்ஃபோரின் தங்கை, அல்சிட்டின் ஞானத்தாய், மணமாகாதவர்.

லொரெட் படித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னார்: நெசவாலைத் தொழிலாளி. சேர்த்த பிறகுதான் மலர் அச்சுக்குப் போனது.