லிஃப்ட் போன் யாருக்குப் போகிறது?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸ் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். அதை விடுங்கள், எல்லோரும் மாட்டுவதுதான். ஆனால் அந்த லிஃப்டுக்குள் ஒரு டெலிபோன் இருக்கிறது என்பதும், அது யாருக்குப் போகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை.

நான் வேலை பார்ப்பது மைசூர் ஹெப்பாளில், மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில். அன்று மதியம் என்னோடு ரம்யாவும் லிஃப்டில் ஏறினாள். ரம்யா எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எந்நேரமும் சிரித்த முகம். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அவள் குரலைத்தான் — நகைக்கடை வாசலில் வரவேற்கிற மாதிரி இருக்கும்.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது. கரண்ட் போய்விட்டது. ரைஸ் மில் மாதிரி இரைகிற ஃபேனும் நின்றது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. என் மொபைல் மேஜையில் சார்ஜில் இருந்தது. ரம்யாவின் மொபைலில் டவர் இல்லை.

"பர்வாகில்ல மேடம், பெல் அடிக்கலாம்" என்று, மணிப்படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். அதை அழுத்தினால் கீழே எங்கோ மணி அடிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே?

மணி அடிக்கவில்லை. பொத்தானுக்குக் கீழே இருந்த சின்னத் துளைகளிலிருந்து ரிங் போகிற சத்தம் மெல்லியதாக வந்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"அலோ... ஏனுங்க, இன்னிக்காச்சும் பேசுவீங்களா?"

நான் காதைத் துளைகளோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். "லிஃப்ட் கம்பெனியாங்க?"

"லிப்டா? நான் மாதம்மா பேசறேனுங்க, கௌதள்ளியில இருந்து. காட்டுல களை எடுத்துட்டு இருக்கறேன். எனக்கேதுங்க லிப்டு?"

கௌதள்ளி எங்கே, ஹெப்பாள் எங்கே? மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். நிலைமையைச் சொன்னேன். எங்களைவிட அவர்தான் நிதானமாக இருந்தார்.

"பயப்படாதீங்க. உங்க நம்பரு என் போன்ல விழுந்திருக்குது. திருப்பிப் போட்டா ஆராச்சும் எடுப்பாங்களா?"

"நான் சீட்ல இல்லன்னா செக்யூரிட்டி எடுப்பாரும்மா" என்றாள் ரம்யா. "லிஃப்ட் நின்னுடிச்சுன்னு கன்னடத்துல சொல்லிடுங்க, ப்ளீஸ்."

"சொல்லிப்போடறேன்." வைப்பதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். "ஆமாங்க... அங்க ஒரு புள்ள அழுவுமே. அது இப்ப நல்லாயிருக்குதுங்களா?"

"எந்தப் புள்ள?"

"பேரு தெரியாதுங்க. அப்பப்ப இந்த நம்பர்ல இருந்து போன் வரும். எடுத்தா ஒரே இரைச்சலு. அதுக்குள்ள ஒரு பொம்பளப் புள்ள அழுவுற சத்தம். அலோ அலோன்னு கத்துனாலும் அதுக்குக் கேக்காது. வெச்சுப்போடலாம்னு பாப்பேன், மனசு வராது. அது அழுது முடிக்கற மட்டும் காதுலயே வெச்சிருப்பேன். ஒருக்கா திருப்பிக்கூடப் போட்டுப் பாத்தேன். ஆரோ ஒரு பொண்ணு எடுத்து, ராங் நம்பர்னு வெச்சுருச்சு."

லைன் கட்டானது. ரம்யாவைத் திரும்பிப் பார்த்தேன். பொத்தான் இருந்த மூலையில் சாய்ந்து நின்றவள், சட்டென்று விலகி நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அது நான்தான் மேடம்."

"எது... அழுததா?"

"அழுததும் நான்தான். ராங் நம்பர்னு சொன்னதும் நான்தான்."

அரையிருட்டில் அவளே சொன்னாள். சரக்கு போய்ச் சேராத டீலர்கள் போன் செய்வார்கள். 'நான் இல்லைன்னு சொல்லு' என்பார் டிஸ்பாட்ச் மேனேஜர். இவள் இல்லை என்பாள். திட்டு இவளுக்கு விழும். அதில் ஒரு டீலர் தினமும் கூப்பிட்டு, இவள் அம்மாவையும் சேர்த்து, காது கூசுகிற வார்த்தைகளால் ஏசுவாராம். எல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த காலுக்கு அதே இனிப்புக் குரலில் 'குட் ஆஃப்டர்நூன்' சொல்ல வேண்டும்.

"நாள் பூரா காதுல போன் மேடம். இங்க மட்டும்தான் போன் இல்லன்னு நினைச்சேன்."

அதற்குள் வெளியே தட்டுகிற சத்தம். செக்யூரிட்டி சாவி போட்டுக் கதவைத் திறந்து, எங்களைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார். மாதம்மா சொன்னபடி செய்துவிட்டார்.

மறுநாள் டெலிபோன் டெக்னீஷியன் வந்து விளக்கினார். லிஃப்ட் பொத்தான், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் எங்கள் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தினால் லிஃப்ட் மெக்கானிக்கின் மொபைலுக்குப் போகும். அவர் எப்போதோ வேலையை விட்டுவிட்டார். அவருடைய பழைய நம்பர், சுற்றிச் சுற்றி மாதம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது. ரம்யா மூலையில் சாய்ந்து அழும்போதெல்லாம் முதுகு பொத்தானில் பட்டிருக்கிறது. மறுமுனைக் குரலை ஃபேன் விழுங்கியிருக்கிறது. எங்களுடையது டிஜிட்டல் லைன் என்பதால் உள்ளேயிருந்து எங்கே பேசினாலும் வெளியே தெரிவது ஆபீஸ் நம்பர்தான். திருப்பிக் கூப்பிட்டால் ஆபரேட்டரிடம்தான் வரும். அதாவது, ரம்யாவிடமே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெயில் அனுப்ப மோடம் போடும் கூச்சலை எல்லோரும் திட்டுவோம். இப்போது தோன்றுகிறது — அது யோக்கியமான மெஷின். வெளியே போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போகும். இப்போதைய லைன்கள் மூச்சுக்கூட விடுவதில்லை. அந்த லிஃப்டில் நான் எம்.டி.யைப் பற்றி என்னென்ன பேசியிருக்கிறேன், தெரியுமா?

ரம்யாவைக் கூட்டிக்கொண்டு நேராக ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் முழுசாகக் கேட்டார். டெக்னீஷியனை அங்கேயே கூப்பிட்டு, டீலர்களின் கால்கள் இனி ஆபரேட்டரிடம் வராமல் நேரே டிஸ்பாட்ச் மேனேஜரின் மேஜைக்குப் போகும்படி மாற்றச் சொன்னார்.

இரண்டாம் நாளே டிஸ்பாட்ச் மேனேஜர் என்னிடம் வந்தார். "இப்படி ஓயாம போன் வந்தா நான் எப்படிங்க வேலை பாக்கறது?"

"இத்தனை நாள் ரம்யா எப்படிப் பாத்தா சார்?" என்றேன்.

லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் செக்யூரிட்டி மேஜைக்குப் போகும்படியும் மாற்றியாகிவிட்டது. அதை மாதம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்றாள் ரம்யா. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"நான்தாம்மா அந்தப் பொண்ணு. இப்ப நல்லாயிருக்கேன். நம்பரை மாத்திட்டாங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவு வராது."

"அப்ப இனி நீ அழுதா ஆருக்குத் தெரியும், கண்ணு?"

ரம்யா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கேள்வி எனக்கும் கேட்டது.