தலைவர் வீட்டுப் பந்தி

சர்வேயர் செம்மலை நிலம் அளக்க வரும்போது தூக்குவாளியில் சோற்றையும் கொண்டுவந்துவிடுவார். வரப்புச் சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் மோரோடு நிற்பார்கள். தொடமாட்டார். "உங்க மோரைக் குடிச்சுட்டுக் கல்லு நட்டா எதிராளி நம்புவாரா?" என்று கேட்டுவிட்டு, வேலியோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அது நியாயம்தான்.

அந்த நியாயத்துக்காகவே, வேலையை விட்டவரை எழுபதாம் வருஷத் தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவராக்கினோம். ஜெயித்த பிறகாவது மனுஷன் மாறியிருக்கலாம். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் முதல் ஆளாக வருவார். பந்தி விரித்ததும் கிளம்பிவிடுவார்.

"இனியாச்சும் நாலு வீட்ல கை நனைங்க. நமக்கும் ஒரு பொண்ணு இருக்கா" என்று அவர் மனைவி மலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒருத்தன் வீட்ல சாப்பிட்டா, நாளைக்குத் தெருக்குழாய் அவன் வாசல்லதான் வேணும்பான்" என்றார்.

என் வீட்டில் கை நனைக்காதவன் வீட்டில் நானும் நனைக்கமாட்டேன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்கு இது தெரியாமல் இல்லை. தனக்கு மட்டும் ஊர் விட்டுக்கொடுக்கும் என்று நினைத்துவிட்டார்.

மலையம்மாள் போய்ச் சேர்ந்த மறு வருஷம் மகள் வீரலட்சுமிக்குக் கல்யாணம். ஊர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. "சாப்பிடாமப் போயிராதீக" என்று வீடு வீடாகக் கும்பிட்டார். ஊரே வந்தது, அட்சதை போட்டது, பந்தி விரித்ததும் நழுவிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளூரில் நான் ஒருத்தன்தான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி வெளியே நின்று முறைத்தாள். போட்ட இலைகளைச் செம்மலை தானே சுருட்டி எடுத்தார்.

மகள் புருஷன் வீடு போன மறுநாள் மத்தியானம், செம்மலை எதிர்வீட்டுக் கோட்டைச்சாமி வாசலில் போய் நின்றார். அங்கே நானும் இருந்தேன். கோட்டைச்சாமி அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தான்.

"வாங்க தலைவரே. எதும் பஞ்சாயத்தா?"

"இல்லப்பா, சும்மாதான் வந்தேன்."

கோட்டைச்சாமி மனைவி ராமுத்தாய் இன்னொரு தட்டை எடுத்தாள். அவன் பதறிப்போய்த் தடுத்தான்.

"அட, வையி. அவுக எங்கயும் சாப்பிட மாட்டாக. சங்கடப்படுத்தாத."

பெரிய மனுஷர் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு, தன் தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவன் மரியாதை அவனுக்கு. 'போடு தாயி' என்று தலைவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் பழையபடியே கிளம்பிவிட்டார்.