பழையகாயலில் அடித்த மூன்று ஹாரன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கிடங்கு. அதன் கூரையைக் காற்று இரண்டு முறை கொண்டுபோனது. இரண்டு முறையும் நானே மேலே ஏறிப் போட்டேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஒரு மாடி வீடு. மூன்று மீன் வண்டிகள். அதில் மூத்த வண்டிக்கு, பழைய லாரியில் கழற்றிய காற்று ஹாரனை என் கையாலேயே பொருத்தினேன்.

கடைசியாக ஒரு கோப்பை. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மற்றவற்றை நான்தான் செய்தேன் என்று ஊருக்கே தெரியும். கோப்பையில் என் பங்கு எங்கும் எழுதப்படவில்லை.

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வரை தொடர் ஓட்டம். ஓர் அணிக்கு ஆறு பேர். ஒருவர் பத்து கிலோமீட்டர் போல ஓடி, தோளில் போட்ட பட்டையைக் கழற்றி அடுத்தவருக்கு மாட்டிவிட வேண்டும். எங்கள் ஊர் அணிக்குத் தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். என்னிடம் மீன் வாங்குகிறவர்.

“அண்ணாச்சி, கூட ஒரு வண்டி வேணும். நீங்க வந்தா தைரியமா இருக்கும்” என்றார்.

“எனக்கும் ஓடத் தெரியும்” என்றேன்.

“வண்டி ஓட்டுனா போதும் அண்ணாச்சி.”

வண்டியை மூன்று முறை கழுவினேன். அப்படியும் முதல் ஆள் ஏறியதும் மூக்கைப் பொத்தினார். மணப்பாடு தாண்டியதும் பழகிவிட்டது, அல்லது மூக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

என் வேலை இதுதான். அடுத்து ஓடவேண்டியவரை மாற்றும் இடத்தில் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். திரும்பிப் போய் ஓடிவருகிறவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது நான் முந்தி வந்து மூன்று முறை நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும். அதைக் கேட்டு நிற்கிறவர் தயாராவார். இந்த ஏற்பாட்டைச் சொன்னவர் தலைவர். அதில் ஒரு சிக்கல் இருப்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர், ஆறுமுகநேரி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நாங்கள்தான் முதலில். வெளியூர் அணி ஒன்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு வெள்ளை நிறத்தில் ஏசி வேன். வெயில் படக்கூடாது என்று, அடுத்து ஓடவேண்டியவரைக் கடைசி நிமிடம் வரை வேனுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

நான்காவது மாற்றும் இடம் பழையகாயல். எங்கள் ஐந்தாவது ஆளை இறக்கிவிட்டு, திரும்பிப் போய்த் தண்ணீர் கொடுத்து, முந்தி வந்து மூன்று முறை அடித்தேன்.

இருபது வருடமாக அந்த ஊருக்குள் நான் மீன் கொண்டுபோகிறேன். போனதும் அடிப்பது மூன்று நீள ஹாரன். ஒருநாளும் அது மீன் இல்லாமல் ஒலித்ததில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. இந்தக் கரையில் ஞாயிறு பாதிப் பேர் கடலுக்குப் போகமாட்டார்கள், என் வண்டியும் வராது. வராத நாளில் வந்ததால் இரண்டு மடங்கு கூட்டம். சட்டி, வாளி, ஒருவர் குளிக்கிற கப்.

“என்ன மீன் அண்ணாச்சி கொண்டாந்திருக்கீய?”

“மீன் இல்லம்மா. ஓட்டப்பந்தயம்.”

“யாருக்கு?”

அதற்குள் எங்கள் ஆள் ஓடி வந்துவிட்டார். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி அவரைப் பார்த்துக் கேட்டாள்: “இவரு ஏன் இப்படி ஓடுதாரு? மீன் தீந்துட்டா?” பட்டை கைமாறியது. ஐந்தாவது ஆள் கிளம்பிவிட்டார்.

நான் நம்பவைப்பதற்காகப் பின்கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு வாழைத்தார், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கடைசியாக ஓடவேண்டிய பெண். ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏளா, இது பேங்குல இருக்க பிள்ளைல்லா!”

“மீன் என் வண்டியில இல்லம்மா” என்றேன். இவ்வளவுதான் நான் சொன்னது. ஓடிக் களைத்தவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அப்போது பின்னால் வெள்ளை வேன் வந்தது. என் வண்டியும் வெள்ளைதான். கண்ணாடியில் பார்த்தேன். கூட்டம் அதைச் சூழ்ந்துவிட்டது. ஓட்டுநர் வெளியூர்க்காரர், கண்ணாடியை இறக்காமல் கையை ஆட்டினார். இவர்கள் கதவைத் தட்டினார்கள். பயந்துபோய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தண்ணீர் பாட்டில் வைக்கிற ஐஸ் பெட்டி. அதைக் கண்ட பிறகு பழையகாயலில் எந்தப் பெண்ணும் விலகமாட்டாள். அவர்களுடைய ஓட்டக்காரர் மாற்றும் இடத்துக்கு வந்து, பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாங்கிக்கொள்ள வேண்டியவர் வேனுக்குள், சட்டிகளுக்கு அந்தப் பக்கம்.

எங்கள் பேங்க் பெண் துறைமுக வாசலைத் தொட்டபோது பின்னால் சாலை காலியாக இருந்தது.

இப்போது அணியின் அறையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஓடிய ஆறு பேர் இருக்கிறார்கள். பனியன் கொடுத்தவர் இருக்கிறார். வாழைத்தார் கொடுத்தவர் இருக்கிறார். அந்த வாழைத்தாரைச் சுமந்த வண்டி இல்லை.

தலைவரிடம் போய்க் கேட்டேன்.

“உங்களைப் போட்டா, அண்ணாச்சி என்ன செஞ்சாருன்னு கேப்பாவ” என்றார்.

“சொல்லும்.”

“சொன்னா கோப்பையைத் திருப்பிக் கேப்பாவ. நாங்க ஆறு மாசம் விடியக்காலையில ஓடுனது வீணாப் போயிரும்.”

“நான் இருபது வருஷம் அடிச்ச ஹாரன் மட்டும் வீணாப் போலாமா?”

அவர் நல்ல மனிதர்தான். இப்போதும் மீன் என்னிடம்தான் வாங்குகிறார். புது மீனா என்று செவுளைத் தூக்கிப் பார்க்காமலே வாங்குகிறார், முன்பெல்லாம் பார்ப்பார்.

கோப்பை அவர்களிடமே இருக்கட்டும். ஆறு பேரும் நன்றாகத்தான் ஓடினார்கள், நான் பார்த்தேன். எப்படி ஜெயித்தோம் என்றும் எழுத வேண்டாம். ஆனால் வாழைத்தார்க்காரருக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் ‘வண்டி ஓட்டியவர்’ என்று என் பெயரைப் போட வேண்டும். பெயின்ட் நான் வாங்கித் தருகிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.