ஜெல்லியக்காவின் ஆறாவது வரிசை

என் அக்காவை ஆஸ்பத்திரியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜெல்லியக்கா, அவ்வளவுதான். கீழ்த்தளத்து பேட்டரி அறை அவள் பொறுப்பு. கரண்ட் போனால் ஆபரேஷன் அறை விளக்குகளை எரியவைப்பது அங்கே ஆறு வரிசையாக நிற்கும் பேட்டரிகள்தான். அவற்றை இணைக்கும் தகடுகளில் பச்சைப்பொடி பூக்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் கடுகளவுகூடப் பூத்ததில்லை. அந்தத் திமிர் அவள் நடையிலேயே தெரியும்.

நான் அங்கேயே லிஃப்ட் ஓட்டுகிறேன். கூடப்பிறந்த பாவத்துக்கு அவள் வேலை முழுக்க எனக்குக் காதால் கேட்டே பாடம். தகட்டைக் கழற்று, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடை, காயவிடு, பளபளக்கத் தேய், இறுக்கி முறுக்கு, அப்புறம் மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசு. இதில் என்ன பிரமாதம்? எங்கள் வீட்டு சோடாவெல்லாம் அந்த அறைக்கே போய்விடுகிறது. என் மனைவி கேக் செய்தால் செங்கல்தான் வருகிறது.

அந்த வாரம் அக்கா சோறு தண்ணி மறந்து பேட்டரி அறையே கதியென்று கிடந்தாள். வியாழக்கிழமை சோதனை. மெயினை அணைத்து, அரைமணி நேரம் பேட்டரியிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். தாக்குப்பிடிக்காவிட்டால் அறையை வெளியாளிடம் கொடுத்துவிட்டு, அவளை ஸ்டோரில் பஞ்சு எண்ண உட்காரவைப்பார்கள். புதன் மதியம் ஐந்து வரிசை முடித்திருந்தாள். அப்போது பார்த்தா பல்வலி வரவேண்டும்?

“ஆறாவதைக் காலையில வந்து பாத்துக்கறேன். நீ எதையும் தொடாத!” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினாள்.

தொடாதே என்றால் என் கை சும்மா இருக்குமா? பாவம், அக்கா என்று உள்ளே போனேன். மேலே பூசினாலே அரிக்காது என்றால், உள்ளேயும் அப்பினால் ஜென்மத்துக்கும் அரிக்காதே! தகட்டுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே தாராளமாக அப்பி, வழுக்கிய போல்ட்டுகளை ஏதோ முறுக்கிவைத்தேன். நம்மையும் ஒரு மெக்கானிக் என்று சொல்லலாம் போலிருந்தது.

காலையில் அக்கா மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள். ஆறாவது வரிசையில் முள் எகிறியது. விரலால் தொட்டால் போல்ட் சுற்றுகிறது. உலோகமும் உலோகமும் ஒட்டி உட்காரவேண்டிய இடத்தில் என் ஜெல்லி கரண்ட்டை மறித்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் சோதனை நடத்தும் அதிகாரி ஃபைலோடு வந்துவிட்டார்.

“சார், இன்னிக்கு டெஸ்ட் வேணாம். இந்த வரிசை லூஸா இருக்கு” என்றாள் அக்கா.

“யாரு பாத்த வேலை இது?”

“என் ரூம் சார். என் பொறுப்பு.”

எனக்கு என்மேலேயே ரத்தம் கொதித்தது. “இல்ல சார், அவங்க பல்லு புடுங்கப் போனப்ப நான் அடிச்ச கூத்து இது.”

அக்கா என்னைப் பார்த்தாள். “ஸ்பேனருக்கு டேப் சுத்தியிருந்தியா?”

“டேப்பா? அது எதுக்கு?”

பளாரென்று விழுந்தது. நாற்பத்தேழு வயதில், அதிகாரி முன்னால்.

“ஸ்பேனர் ரெண்டு முனையிலயும் பட்டிருந்தா கரிக்கட்டையாயிருப்படா! இந்த ரூம் போனா போகுது, உன்னை எங்கடா போய்த் தேடுவேன்?” வீங்கிய கன்னத்தோடு கேவிக் கேவி அழுதாள். வெட்கமில்லாமல் நானும் அழுதேன்.

அதிகாரி ஃபைலை மூடினார். “திங்கட்கிழமை வச்சுக்கலாம்” என்றார்.

திங்கட்கிழமை அரைமணி நேரமும் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. மதியமே அந்த அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. அதிகாரி சாவியை அக்கா கையில் கொடுத்தார்.

“உங்க தம்பிகிட்ட மட்டும் குடுத்துடாதீங்கம்மா.”