ஒரே புல், இரண்டு விலை

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வாங்கிய சாமானின் விலையை ஒருவரும் உள்ளபடி சொல்வதில்லை. பத்தோ இருபதோ குறைத்துத்தான் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால், "உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்" என்று கேட்டவர் பரிதாபப்படுவார். அந்தப் பரிதாபத்தை யாரால் தாங்க முடியும்? சோபா, சேலை, கூரை ஓடு மாற்றிய கூலி எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அதோடு, அடுத்தவர் என்ன விலை கொடுத்தார் என்று அறியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகளை இறக்கிவிட்டு, வெளியே காரில் காத்திருப்பேன். என் சிநேகிதியும் தன் மகளை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் ஏறிக்கொள்வாள். இந்தக் கோடையில் இரண்டு வீடும் ஒரே கரவன் தளத்துக்குப் போவதென்று பேசியிருந்தோம். கடலோரத்தில் ஒரு பெரிய புல்வெளி. அவரவர் கரவனை, அந்தச் சக்கர வீட்டை, காரில் இழுத்துக்கொண்டு போய், பதிந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்தைப் பிட்ச் என்பார்கள்.

"எவ்வளவுக்கு எடுத்தனீங்கள் அக்கா?" என்று கேட்டாள்.

நான் வழக்கம்போல் குறைத்துத்தான் சொன்னேன். அவள் சொன்ன விலை அதைவிடவும் குறைவு. எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டுக்காரர் மாசியிலேயே பதிந்துவிட்டார். இவர்கள் பதிந்தது சித்திரையில். முந்திப் பதிந்தவனுக்குத்தானே மலிவு என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது?

"உண்மையைச் சொல்லும்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு இருபது பவுணைக் கூட்டினாள். நானும் குறைத்ததைத் திருப்பிச் சேர்த்தேன். இரண்டு பேரும் உண்மை பேசியபிறகும் நாற்பத்தெட்டு பவுண் வித்தியாசம் நின்றது. அதே நாலு இரவு, அதே மின்சாரம், பக்கத்துப் பக்கத்துப் பிட்ச். அங்கேயும் தாய், தகப்பன், ஒரு பிள்ளை. இங்கேயும் தாய், தகப்பன், ஒரு பிள்ளை.

இங்கே ஒரு பிள்ளை என்று எழுதிவிட்டேன், அது கரவனில் வரும் கணக்கு. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, டிராம் ஓட்டப் பழகப் போனான். "இதுக்கோ நான் பெற்றோல் ஷெட்டிலை இரவிரவா நிண்டனான்?" என்று அப்பா கேட்டார். "நான் உங்களை நிக்கச் சொல்லேல்லை" என்று மகன் சொன்னான். அதோடு முடிந்தது. அவன் விம்பிள்டன் பக்கம் ஒரு அறை எடுத்துப் போய்விட்டான். எனக்கு மட்டும் போன் எடுப்பான். அப்பன் விடாக்கண்டன், மகன் கொடாக்கண்டன். அவன் இல்லாமல் நாங்கள் கரவனில் போகும் முதல் கோடை இது. அவன் பெயரை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார். இரண்டு பேரும் இப்படியே இருந்து விடுவார்களோ என்ற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாற்பத்தெட்டு பவுணை விடுவேனா? வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கம்பியூட்டர் ஆளை அறிந்துகொண்டு விலையை ஏற்றும் என்றாள். அப்படியென்றால் சோதித்துப் பார்ப்போம் என்று அவளுடைய போனிலும் இவர் பதிந்த கம்பியூட்டரிலும், புதிதாகப் பதிவது போல எல்லாவற்றையும் நிரப்பினேன். அதே நாட்கள், அதே ஆட்கள். இரண்டிலும் சிநேகிதி கொடுத்த விலைதான் வந்தது. ஆக, மாதத்திலும் பிழை இல்லை, கம்பியூட்டரிலும் பிழை இல்லை. இவர் பதியும்போது ஏதோ கூட அமத்தியிருக்கிறார். கூடாரத்துக்குத் தனிக்காசோ, நாய்க்குத் தனிக்காசோ?

"எங்களிட்டை நாயே இல்லையே அம்மா," என்றாள் மகள்.

இரவுச் சாப்பாட்டில் அவரிடமே கேட்டேன். "ஏனப்பா எங்களுக்கு மட்டும் விலை கூட?"

"விலை ஏறும், இறங்கும். விடுமப்பா," என்றார், சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலை நிமிராமல்.

எனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. கார் நிறுத்திய இடத்தில் ஒரு பவுண் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று கவுன்சிலுக்கு மூன்று கடிதம் எழுதிய மனுசன் இவர். நாற்பத்தெட்டை விடச் சொல்கிறார். இதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே என் மூக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த நாள் தளத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல பொறுமைசாலி. பதிவு எண்ணைச் சொன்னேன். பார்த்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை, ஆட்களின் கணக்குப்படிதான் விலை, ஒரு பெரியவருக்கு ஒரு இரவுக்குப் பன்னிரண்டு பவுண் என்றாள். நாங்கள் மூன்று பெரியவர்கள் என்று இருக்கிறதாம்.

மகளையும் பெரிய ஆளாகப் போட்டுவிட்டாரே, இவரை என்ன செய்ய என்று எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் பதினாலு வயதுதான் என்றேன்.

இல்லை, பிள்ளையும் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். மூன்று பெரியவர்கள், ஒரு பிள்ளை.

மாசி மாதத்தைத்தான் நினைத்துப் பார்த்தேன். மகன் போய் மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. வீட்டில் அவன் பேச்சே எடுக்கக்கூடாது என்று சத்தம் போட்டுவிட்டு, இந்த மனுசன் மேலே போய் இருந்து அவனுக்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்கிறார்.

தவறிப் பதிந்திருந்தால் அந்த ஒருவரை எடுத்துவிட்டு இப்போதே காசைத் திருப்பித் தரலாம், செய்யட்டுமா என்று அவள் கேட்டாள். என் வாழ்க்கையில் முதல்முறையாக, திருப்பித் தருகிறேன் என்ற காசை வேண்டாம் என்றேன்.

சிநேகிதிக்குச் சொன்னேன். "தான் ஆடாட்டிலும் தன் தசை ஆடுமாமே அக்கா," என்றாள். இவரிடம் நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கே அதை அழித்துவிடுவார், ஆளை எனக்குத் தெரியும்.

மகனுக்குத்தான் எழுதினேன். "கரவனுக்கு அப்பா உனக்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்கிறார்."

"எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளை எங்கள் பிள்ளைதான். கை தன்பாட்டில் முப்பது என்று அடித்துவிட்டது. அழித்துவிட்டு நாற்பத்தெட்டு என்று போட்டேன்.

"கான்சல் பண்ணினால் திருப்பித் தருவினமோ?"

"தருவினம். மாசியிலை கட்டினவர், இன்னும் திருப்பிக் கேக்கேல்லை."

அவன் எழுதுகிறான் என்று போன் காட்டியது, பிறகு நின்றது, திரும்பவும் காட்டியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன திகதி எண்டு சொல்லுங்கோ அம்மா," என்று வந்தது. "ஷிப்ட் மாத்தக் கேக்கோணும்."