தாரணியைக் கொல்ல வேண்டிய வாரம்

முப்பது வருடத்தில் ஆல்பர்ட் வரைந்து தள்ளிய காமிக்ஸ் புத்தகங்கள் எழுநூறுக்கு மேல். செஞ்சியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் பாதிச் செஞ்சி அவர் புத்தகங்களில் இருக்கிறது. கதை மெக்சிகோவில் நடந்தாலும் கோட்டை நம் ஊர் ராஜகிரிதான். முகங்களுக்கும் மனிதர் எங்கும் அலையவில்லை. கடத்தல்காரன், டீக்கடைக்காரர் பாவாடை. கதாநாயகி இன்ஸ்பெக்டர் தாரணி, அவர் மனைவி அமலா. துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு அமலா நிற்பாள், இவர் வரைவார். ஆள் எதிரே இல்லாவிட்டால் அவருக்கு ஒரு விரல்கூட வரைய வராது.

பாவாடையை ஒரு கதையில் மலையிலிருந்து தள்ளிவிட்டார். அந்த மாதமே பாவாடை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம், கள்ளநோட்டுக்காரனாகச் சுடப்பட்ட மளிகைக்கடை பச்சைமுத்து லாரியில் அடிபட்டார். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது பங்குச் சாமியார் சிரித்துவிட்டார். ஆல்பர்ட்டால் சிரிக்க முடியவில்லை. அதன்பிறகு உயிரோடிருப்பவர் முகத்தை வைத்து அவர் ஒருவரையும் சாகடிக்கவில்லை.

இந்த மாதக் கதையில், நாற்பதாம் பக்கத்தில் தாரணி சாகிறாள். "தாரணி சாவுன்னு அட்டையே அடிச்சாச்சு சார், மாத்த முடியாது. சனிக்கிழமை பக்கம் வந்துடணும்" என்று சென்னையிலிருந்து ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் பார்த்த தாரணிக்கு வேறு முகம் போட்டால் வாசகன் விடுவானா? இங்கே அமலாவின் மார்பில் ஒரு கட்டி. சோதனைக்குச் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் திங்கட்கிழமை.

மற்ற பக்கங்களை முடித்துவிட்டு, வரையாத நாற்பதாம் தாளை மட்டும், எழுதி வந்த கதையோடு சேர்த்து ஒளித்து வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அமலா அதைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டாள். நேரே வந்து அவர் எதிரே சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள்.

"எழுந்திரு அமலா."

"வரைங்க. பயந்துக்கினு உக்காந்திருந்தா கட்டி கரைஞ்சிடுமா?"

பென்சிலை எடுத்தார். ஒரு கோடு போட்டால் ஒருமுறை அவள் நெஞ்சைப் பார்த்தார். முகத்தை முடித்து நிமிர்ந்தபோது நெஞ்சு அசையவில்லை. அலறிவிட்டார்.

அமலா பதறிக் கண்ணைத் திறந்தாள். "இன்னாங்க? புடவை ஆடுனா திட்டுவீங்களேன்னு மூச்ச புடிச்சிக்கினு இருந்தேன்."

"விடு. மூச்சு விடு. ஏதாவது பேசிக்கினே இரு, சத்தம் கேக்கட்டும்."

"இன்னா பேசுறது?" கலைந்த புடவையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குது."

"அதையே சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். செத்துக்கிடக்கும் தாரணியை ஆல்பர்ட் வரைந்து முடித்தார்.